நான் அரசமரத்துக்குத் தகப்பனான கதை

பொறுமைசாலி என்று பெயர் வாங்கியவர்களில் பாதிப் பேர், எழுந்து போக முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள்தான். இதை ஊகித்துச் சொல்லவில்லை, அனுபவித்துச் சொல்கிறேன். அந்த அனுபவத்தின் தழும்பு இன்றும் என் உடம்பில் இருக்கிறது. சபையில் காட்டக்கூடிய இடத்தில் இல்லை என்பதால் நீங்கள் என் வார்த்தையை நம்பித்தான் ஆகவேண்டும்.

திருவிதாங்கூரில் மகாராஜா ஆண்ட காலம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து, வலியசாலையில் தர்மு அக்கா வீட்டில் தங்கி, ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். அடுத்த வீட்டில் அனந்தநாராயணய்யர். எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க்கும் அவரேதான். பகலில் ஆபீஸில் திட்டுவார். பகலில் விட்டுப்போனதைச் சாயங்காலம் கிணற்றடியில் நின்று, இரண்டு கொல்லைகளுக்கும் நடுவில் இருந்த சுவருக்கு மேலாகத் திட்டுவார்.

அவருக்கு ஒரே பெண், கோமதி. காலேஜில் தாவர சாஸ்திரம் படித்துக்கொண்டிருந்தாள். இருபது வயசுப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக் கொடுக்காமல் காலேஜுக்கு அனுப்புகிறாரே என்று தெருவே அவரைக் குறை சொல்லிற்று. (நான் சொல்லவில்லை. பிறத்தியார் காரியத்தில் தலையிடுவது எனக்குப் பிடிக்காது. அதுவும் அந்தக் காரியம் எனக்கு அனுகூலமாக இருக்கும்போது.)

ஒரு நாள் தர்மு அக்காவின் புருஷர், என் அத்திம்பேர், என் ஜாதகத்தை மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். போன சூட்டோடு திரும்பி வந்தார்.

"பிரித்துக்கூடப் பார்க்கலைடா. 'ஜாதகம் அங்கே கிடக்கட்டும். பையனுக்குப் பொறுமை கிடையாது. அதுக்கு எந்த ஜோஸ்யன் பரிகாரம் சொல்லுவான்?'னு கேக்கறார்."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆபீஸில் நான் கடிதத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே உறையை ஒட்டிவிடுவேன். ஒரு தடவை அப்படி ஒரு காலி உறை கொல்லம் வரை போய்விட்டது. ('தங்கள் கடிதம் கிடைத்தது, ஆவன செய்கிறோம்' என்று அங்கிருந்து பதிலும் வந்தது. அதற்கு அந்த ஆபீஸை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் அனந்தநாராயணய்யருக்குக் குட்டை மரப் பைத்தியம் பிடித்தது. வித்துராவில், தேயிலை எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்களை ஏலம் போட்டார்கள். பிரம்பு நாற்காலி வாங்கப் போனவர், அதோடு ஒரு இங்கிலீஷ் புஸ்தகத்தையும் வாங்கி வந்தார். ஜப்பான்காரர்கள் பெரிய மரத்தை முழ உயரத்துக்குக் குறுக்கி, தட்டு மாதிரியான ஒரு தொட்டியில் எப்படி வளர்க்கிறார்கள் என்று படத்தோடு விளக்குகிற புஸ்தகம். இன்று போன்ஸாய் என்று குழந்தைகள்கூடச் சொல்கின்றன. அன்று எங்கள் தெருவில் அதற்குப் பெயரே கிடையாது. 'ஹெட் கிளார்க்கோட பிராந்து' என்பார்கள்.

அவருடைய ஆசை எளிமையானது. ஆபீஸ் மேஜைமேல் ஒரு முழ உயரத்தில் அரசமரம். அதன் அடியில் கட்டைவிரல் பெரிசில் ஒரு பிள்ளையார். பிள்ளையாரைப் பழவங்காடிக் கடையில் வாங்கியாகிவிட்டது. குயவரிடம் சொல்லி ஆழமில்லாத, நீள்வட்டமான மண் தட்டும் பண்ணியாகிவிட்டது. மரம்தான் பாக்கி.

தம் வீட்டுக் கிணற்றுச் சுவர் வெடிப்பில் முளைத்திருந்த ஒரு அரசங்கன்றை வேரோடு பிடுங்கி, சுவருக்கு மேலாக என்னிடம் நீட்டினார்.

"இந்தா. இதை நீதான் வளர்த்துத் தயார் பண்ணணும். முதல் வெட்டு வெட்டி இந்தத் தட்டிலே நீ வெக்கற அன்னிக்கு, உன் அத்திம்பேர் ஜாதகத்தோட வரலாம். அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு வேண்டாம், மனசிலாச்சோ?"

மனசிலாயிற்று. கன்றைப் பெற்றுக்கொண்டபோது, என் கையில் கோமதியே வந்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டே மாசத்தில் மரத்தைத் தட்டில் ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

குட்டை மரம் என்றால் குட்டையாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதானே? ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் மண் போட்டுக் கன்றை வைத்தேன். தண்ணீரை உத்தரணியால் விட்டேன். புது இலை எட்டிப் பார்த்தால் கிள்ளினேன். மரத்துக்கு ஏகாதசியும் பிரதோஷமும் மாறி மாறி வந்தன. அது பாவம், உள்ள இலையையும் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நின்றது. எனக்கோ பரம திருப்தி. இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு குட்டையான மரம் ஜப்பானிலேயே கிடையாது என்று நினைத்தேன்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோமதியின் குரல் கேட்டது. கல்யாணமாகாத பெண் அடுத்த வீட்டு வாலிபனோடு நேரே பேசக்கூடாது என்பது தெருவின் சட்டம். அதனால் அவள் எனக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் அக்காவிடம் சொல்லுவாள். நான் அக்காவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

"தர்மு அக்கா, அந்தக் கன்னு சாகப்போறதாக்கும். பட்டினி போடறதுக்குப் பேரு வளர்க்கறதில்லைன்னு உங்க தம்பிகிட்டே சொல்லுங்கோ."

"சொல்றாடா" என்றாள் அக்கா, என்னைப் பார்த்து.

"பின்னே எப்படிக் குட்டையாகும்னு கேளு அக்கா" என்றேன்.

"கேக்கறான்டீ."

கோமதி புஸ்தகத்தைப் பிரித்து வாசித்து, அக்காவுக்குத் தமிழில் சொன்னாள். இலைக்கும் கிளைக்கும் உருவம் கொடுப்பதெல்லாம் அப்புறமாம். அதற்கு முன்னால் மரத்தை நிலத்தில் வைத்து அதன் இஷ்டத்துக்கு வளர விடவேண்டுமாம். நன்றாக எரு போட வேண்டும். வேர் நேரே கீழே இறங்காமல் நாலு பக்கமும் பரவுவதற்கு, அடியில் தட்டையாக ஒரு கூரையோடு பதிக்கவேண்டும். கீழ்க்கிளைகளைக் கத்தரிக்கவே கூடாது. அவை எவ்வளவு நீளுகின்றனவோ அவ்வளவுக்கு அடிமரம் தடிக்கும். அடிமரம் கிழவன் மாதிரி தடித்த பிறகு, ஒரே வெட்டாகத் தாழ வெட்டி, அதற்கப்புறம்தான் தட்டு.

"எத்தனை நாளாகும்னு கேளு அக்கா."

அக்கா கேட்பதற்கு முன்பே பதில் வந்தது.

"நாளா? நாலஞ்சு மழைக்காலம் ஆகும்னு சொல்லுங்கோ."

அக்கா அதைத் திருப்பிச் சொல்லத் தேவைப்படவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கன்றைச் சிரட்டையிலிருந்து எடுத்துச் சுவரோரமாக நட்டேன். அடியில் ஓடு பதித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஹெட் கிளார்க் வீட்டு வேப்பமரம் நின்றது. அதன் நிழல் கன்றுக்கு இதமாக இருக்கும் என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். (கோமதி துணி உலர்த்துகிற கொடியும் அங்கேதான் இருந்தது. அது தற்செயல்.)

நடுவது சுலபம். காத்திருப்பதுதான் ஆகவில்லை. தினம் காலையில் ஸ்நானம் பண்ணிவிட்டு, என் பூணூலை நீட்டி அடிமரத்தைச் சுற்றி அளந்து பார்ப்பேன். சுற்றளவு நேற்றையதைவிட ஒரு நூல்கூடக் கூடியிருக்காது. அக்கா இதைப் பார்த்துவிட்டு, "மரத்துக்குப் பூணூல் போட்டுப் பார்க்கறான்" என்று அத்திம்பேரிடம் சொன்னாள். பின்னால் நடக்கப்போவது தெரியாமல் சொன்னாள்.

எரு விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. சாணம், கடலைப் பிண்ணாக்கு, அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். ஒரு நாள் கோமதி, எலும்புத்தூள் ரொம்ப விசேஷம் என்று வாசித்துவிட்டு, "ஆனா நமக்கு அது ஆகாதுன்னு சொல்லிடுங்கோ, தர்மு அக்கா" என்றாள். முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. சாலைக் கடைத்தெருவில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து கொல்லை மாடத்தில் ஒளித்து வைத்தேன். வெள்ளை வெளேரென்ற பொடி. மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்கா அதைக் கோலமாவு என்று எண்ணி, வாசலை அடைத்துத் தேர்க்கோலம் போட்டுவிட்டாள். சற்று நேரத்தில் தெருவில் இருந்த நாய்களெல்லாம் வந்து, தேரைச் சக்கரத்திலிருந்து நக்க ஆரம்பித்தன. விஷயம் வெளியானதும் அக்கா கிணற்றுத் தண்ணீர் பூராவையும் தலையில் கொட்டிக்கொண்டாள். எனக்கு ஒரு வாரம் கொல்லை வழியாகத்தான் சாப்பாடு. மரம் மட்டும் மிச்சப் பொடியைச் சாப்பிட்டுவிட்டு ஜம்மென்று வளர்ந்தது.

மூன்று மழைக்காலம் போயிற்று. நான்காவது இடவப்பாதி மழைக்கு முன்னால் மரம் கூரையைத் தாண்டியிருந்தது. அடிமரம் என் தொடை அளவு. கழற்றாமல் நீட்டினால் பூணூல் எட்டவில்லை. ஹெட் கிளார்க் வந்து தட்டிப் பார்த்தார்.

"மழை விடட்டும். முதல் வெட்டு வெட்டிடலாம்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மறுவாரமே ஆபீஸ் என்னை வித்துராவுக்கு அனுப்பியது. மழைக்காலம் முழுக்க அங்கே அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டு எஸ்டேட் பாதைகளின் கணக்கைச் சரிபார்த்தேன். அதற்கிடையில் அக்கா எழுதிய கடிதத்தில் இடிபோல ஒரு வரி. மதராஸிலிருந்து கோமதிக்கு ஒரு இஞ்ஜினியர் வரன் வந்திருக்கிறதாம், அடுத்த மாசம் பெண் பார்க்க வரலாமா என்று கேட்டிருக்கிறார்களாம். அன்றைக்கு என்னைக் கடித்த அட்டைகளை நான் கவனிக்கவே இல்லை.

மழை விட்டதும் ஓடி வந்தேன். கொல்லைக் கதவைத் திறந்தால், சுவரைக் காணவில்லை.

அடியில் ஓடு வைத்தேன் இல்லையா? வேர்கள் கீழே இறங்காமல் பக்கவாட்டில் பரவ வேண்டும் என்றுதானே? நன்றாகவே பரவியிருந்தன. சுவருக்கடியில் புகுந்து அதைத் தூக்கிவிட்டன. ஒரு பெருமழையில் சுவர் சாய்ந்து, இரண்டு கொல்லையும் ஒரே கொல்லையாகிவிட்டது. நடுவில் என் அரசும் அவர்கள் வேம்பும் தோளோடு தோள் நின்றன. அரசின் அடிமரத்தில் மஞ்சள், குங்குமம், சுற்றிச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாக நூல்.

"யார் பண்ணினது இதை?" என்று அலறினேன்.

"யார் பண்ணினதா? தெருவே பண்ணினது" என்றாள் அக்கா. "போன மாசம் அமாவாசையும் சோமவாரமும் சேர்ந்து வந்தது. அரசு சுத்தறதுக்கு இனிமே கிள்ளியாத்தங்கரைக்குப் போகவேண்டாம், சுவாமியே கொல்லைக்கு வந்துட்டார்னு விசாலம் மாமி எல்லாரையும் கூட்டிண்டு வந்துட்டா."

விசாலம் மாமி கோடி வீட்டுக்காரி. தெருவில் எந்த நல்ல காரியமும் அவள் இல்லாமல் நடக்காது. நடந்தால் அது நல்ல காரியம் இல்லை என்று அவளே சொல்லிவிடுவாள். நான் வந்தது தெரிந்து அன்றே வந்தாள்.

"நீதானேடா வெங்கிட்டு இதை நட்டவன்? நன்னாயிருப்பே. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அரசும் வேம்பும் இப்படிக் கல்யாணம் ஆகாம ஒட்டிண்டு நிக்கறது தெருவுக்கு ஆகாது. வர ஞாயித்துக்கிழமை அரசுக்குப் பூணூல் போட்டு, வேம்பைக் கல்யாணம் பண்ணி வெச்சுடறோம். வாத்தியார்கிட்டே சொல்லியாச்சு."

பூணூல் போட்டுக் கல்யாணமும் ஆன அரசை எவன் வெட்டுவான்? வெட்டுகிற கை அழுகிப்போகும் என்று மாமி போகிறபோக்கில் சொல்லிவிட்டும் போனாள். நான் ஹெட் கிளார்க்கிடம் ஓடினேன். நாலு மழைக்காலம் காத்திருந்தவர் அவரும்தான். மீசை துடித்தது.

"முகூர்த்தம் ஏழரைக்கு மேலேயாக்கும். விடியறதுக்கு முன்னாடி நீ வெட்டிடு. நான் தட்டோட வரேன். கேட்டா, ராத்திரி காத்திலே முறிஞ்சுதுன்னு சொல்லிக்கலாம்."

"கை அழுகிப்போகும்னு மாமி…"

"வெறுதே பயப்படாதே. உன் கைதானே?" என்றார். "இந்த ஒரு காரியத்தையாவது முழுசா முடிச்சுக் காட்டு. இல்லாட்டா மதராஸ்காராளுக்கு வரச்சொல்லி எழுதிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை கருக்கலில் கை ரம்பத்தோடு கொல்லையில் இறங்கினேன். மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புஸ்தகம் சொன்ன உயரத்தில் ரம்பத்தை வைத்தேன். "கோமதி" என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டு இழுத்தேன். ஒரே ஒரு இழுப்பு. பட்டை கீறி, பால் குபுகுபுவென்று வழிந்தது.

அதே நிமிஷத்தில் பின்னாலிருந்து வளையல் சத்தம். முகூர்த்தம் ஏழரைக்கு மேலே இருக்கலாம்; கோலம் போட வருகிறவர்கள் ஏழரைக்கா வருவார்கள்? இது ஹெட் கிளார்க் மூளைக்கும் எட்டவில்லை, என் மூளைக்கும் எட்டவில்லை. கோலமாவுச் சட்டியும் கைவிளக்குமாக விசாலம் மாமி, அவள் பின்னால் பாதித் தெரு.

ரம்பத்தை எங்கே ஒளிப்பது? வேறு வழி தெரியாமல் அதன்மேலேயே குப்புறப் படுத்து மரத்துக்கு சாஷ்டாங்க நமஸ்காரம் பண்ணிவிட்டேன்.

"பாருங்கோடீ!" என்றாள் விசாலம் மாமி. "விடியறதுக்கு முன்னாடி வந்து விழுந்து சேவிக்கறான். இந்த வயசிலே இவ்வளவு பக்தியா!"

விளக்கைத் தூக்கியவள், அடிமரத்தில் வழிகிற பாலைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"பால் சுரக்கறதே! கல்யாணச் சந்தோஷத்திலே மரம் பால் சுரக்கறதே!"

ஆளுக்கொரு விரலில் பாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பெண்களின் குரவைச் சத்தம் கேட்டது. அந்தச் சந்தடியில் நான் ரம்பத்தை வேஷ்டிக்குள் பின்பக்கமாகச் செருகிக்கொண்டு நழுவப் பார்த்தேன். எதிரே அனந்தநாராயணய்யர், ஒரு கையில் மண் தட்டும் இன்னொரு கையில் கட்டைவிரல் பிள்ளையாருமாக வந்து நின்றார்.

"பொண்ணைப் பெத்தவரும் வந்தாச்சு!" என்று மாமி கூவினாள். "பிள்ளையாரும் கொண்டு வந்திருக்கார். அட்சதைக்குத் தட்டும் கொண்டு வந்திருக்கார். ஊரிலே இவரை நாஸ்திகர்னு சொன்னவா நாக்கிலே சூடு போடணும்."

ஆபீஸில் புலி. அங்கே மாமிகளுக்கு நடுவில், கையில் இருந்ததைக் கேட்டவர்களிடம் கொடுத்துவிட்டார். பிள்ளையார் மரத்தடிக்குப் போனார். தட்டு அட்சதைக்குப் போயிற்று. வாத்தியார் வந்து ஹோமத்துக்கு இடம் பார்த்தார்.

"பிள்ளைக்குத் தகப்பனார் யாரு?"

"இவன்தான். நட்டவன் இவனாக்கும்" என்று மாமி என்னைத் தள்ளினாள்.

எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. "நான் பிரம்மசாரி, வாத்தியாரே. பத்தினி இல்லாதவன் எப்படித் தகப்பன் ஸ்தானத்திலே உட்காரறது?"

வாத்தியார் சாஸ்திரம் பார்ப்பதைவிட நேரத்தைப் பார்க்கிறவர். அன்று அவருக்கு வேறு இடத்தில் ஒரு கிரகப் பிரவேசம்.

"மரத்துக்குத் தாயார் பூமாதேவி. அவள் எப்பவும் பக்கத்திலேதான் இருக்கா. நீ உட்காரு" என்று என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

அழுத்திய அழுத்தில் மணையில் உட்கார்ந்தேன். ரம்பமும் உட்கார்ந்தது. பல் மேல்பக்கம்.

ஒரு மனிதன் வாழ்க்கையில் எத்தனையோ கல்யாணம் பார்க்கிறான். எல்லாம் எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகின்றன! அந்தக் கல்யாணம் முடியவே இல்லை. முதலில் அரசுக்கு உபநயனம். மரத்தின் காதில் நான் பிரம்மோபதேசம் பண்ணவேண்டும். "கிட்டத்தில் குனியும்" என்றார் வாத்தியார். குனிந்தால் ஒரு வரிசைப் பல், நிமிர்ந்தால் இன்னொரு வரிசை. குனிந்தேன். அடிமரத்துக்கு எவ்வளவு நீளப் பூணூல் வேண்டும் என்று கேட்டார்கள். அதன் சுற்றளவு தெருவிலேயே எனக்குத்தான் தெரியும், சொன்னேன். "பெத்தவனுக்குத்தான் தெரியும்" என்று மாமிகள் மெச்சிக்கொண்டார்கள். பிறகு விவாகம். அனந்தநாராயணய்யர், சம்சாரம் தண்ணீர் வார்க்க, என் பிள்ளையின் வேரைக் கழுவித் தம் வேம்பைத் தாரை வார்த்தார். வெட்டி எடுத்துப்போக வந்த மரத்தின் காலைக் கழுவினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். அன்று வரவில்லை. அன்று கண்ணீர்தான் வந்தது. ஹோமப் புகை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நடுவில் ஒரு தடவை கோமதி என் பக்கமாக வந்தாள். என் வேஷ்டிக்கு வெளியே ரம்பத்தின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. கையிலிருந்த பூத்தட்டை அதன்மேல் மறைவாக வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவள் மாதிரி போய் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். நான் முழுசாக அவளுக்கு அடிமையானது அந்த க்ஷணத்தில்தான்.

தர்மு அக்கா நாத்தனார் ஸ்தானத்தில் நின்று வேம்புக்குத் தாலி கட்டினாள்.

"சம்பந்திகள் ரெண்டு பேரும் சந்தனம் பூசிக்குங்கோ" என்றார் வாத்தியார்.

அனந்தநாராயணய்யர் என் எதிரே குனிந்தார். அவர் கையில் சந்தனம். கண் என் மணைமேல் போயிற்று, பூத்தட்டுக்குப் போயிற்று, மறுபடி என் முகத்துக்கு வந்தது. என் மார்பில் சந்தனத்தைப் பூசினார்.

எல்லோரும் பந்திக்குப் போனார்கள். நான் போகவில்லை. போக முடியவில்லை. மரத்தைப் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மரமும் போயிற்று, தட்டும் போயிற்று, ஜாதகமும் போயிற்று. மதராஸ் இஞ்ஜினியர் என் கண்முன்னால் கோட்டும் தொப்பியுமாகக் கோமதியைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினான். வாய்விட்டு அழலாமா என்று பார்த்தேன். அழுதால் உடம்பு குலுங்கும். குலுங்கினால் வலிக்கும்.

"எல்லாரும் சாப்பிட உக்காந்தாச்சு. இனிமே எழுந்திருக்கலாம்."

திரும்பிப் பார்த்தேன். கோமதி. அக்கா அங்கே இல்லை. நாலு மழைக்காலத்தில் அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

"எழுந்திருக்க முடியலை" என்றேன். நான் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. (காவியங்களில் வேறு மாதிரி பேசிக்கொள்வார்கள் என்று கேள்வி.)

அவள் பின்னால் அனந்தநாராயணய்யர் நின்றிருந்தார். என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். செருகியிருந்த ரம்பம் நழுவி மணைமேல் விழுந்தது. வேஷ்டியில் அதன் பல்வரிசை சிவப்பாகப் பதிந்திருந்தது. அவர் ரம்பத்தை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு குலுங்கியது. ஹெட் கிளார்க் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சுத் திணறச் சிரித்தார்.

"ரம்பத்துமேலே உக்காந்துண்டு, ஒரு பூணூலும் ஒரு கல்யாணமும்! ஒரு முனகல் உண்டா? உமக்குப் பொறுமை இல்லைன்னு சொன்னவன் முட்டாளாக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உம்ம அத்திம்பேரை ஜாதகத்தை எடுத்துண்டு வரச் சொல்லும். மதராஸ்காராளுக்கு நான் எழுதிக்கறேன்."

அதுவரை என்னை 'நீ' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். 'உம்ம' என்றதை வலியிலும் கவனித்தேன். மரம் வெட்டப்படவில்லையே என்று பயந்து பயந்து கேட்டேன்.

"என் மாப்பிள்ளையை நானே வெட்டச் சொல்லுவேனா?" என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் ஏன் எழுதுகிறேன்? மறுநாள் அத்திம்பேர் ஜாதகத்தோடு வாசற்படி இறங்கும்போது, விசாலம் மாமி குறுக்கே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மூக்கில் விரல் வைத்தாள்.

"ஐயையோ, எப்படி முறையாகும்? அரசு இவன் பிள்ளை. வேம்பு இவனுக்கு நாட்டுப்பெண். வேம்புக்குக் கூடப் பிறந்தவள் கோமதி. நாட்டுப்பெண்ணோட அக்கா இவனுக்கும் பொண்ணு ஸ்தானமில்லையோ? சம்பந்தி வீட்டிலே எவனாவது பொண்ணு கேப்பானா?"

தெரு இரண்டாகப் பிரிந்தது. மரத்துக் கல்யாணத்துக்கு உறவு கிடையாது என்று பாதி. அக்கினி சாட்சியாக நடந்த கல்யாணத்துக்கு எப்படி உறவில்லாமல் போகும் என்று பாதி. வாத்தியாரைக் கேட்டதற்கு, தமக்கு அவசரமாக ஒரு சிராத்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வீட்டுக்காரர்களும் மரத்தடியில் நின்று முழித்தோம். ரம்பத்தின்மேல் உட்கார்ந்து சம்பாதித்ததை உறவுமுறையில் இழந்துவிடுவேனோ என்று, ரம்பம் பதிந்த இடத்தைத் தடவிக்கொண்டேன்.

"விசாலம் மாமி" என்று கோமதி மெதுவாக ஆரம்பித்தாள். "அரசு எப்படி முளைக்கும், தெரியுமோ? பழத்தைப் பட்சி தின்னு, அதோட எச்சத்திலேர்ந்துதான் முளைக்கும். இந்தக் கன்னு எங்க கிணத்துச் சுவத்திலே முளைச்சது. அங்கே தினம் வந்து உக்காரறது காக்காதான். காலேஜிலே படிச்சிருக்கேன், சத்தியமாக்கும். அப்போ அரசுக்கு நிஜத் தகப்பனார் காக்கா. இவர் வெறும் வளர்ப்புத்தானே?"

மாமி மேலே பார்த்தாள். அரசின் உச்சியில் ஒரு காக்கை உட்கார்ந்து, தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்துக் கத்தியது. பித்ருக்களே வந்து சாட்சி சொல்லும்போது மாமியால் என்ன செய்ய முடியும்? "அப்படீன்னா முறையாகும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கல்யாணத்துக்கு எத்தனை படி அரிசி என்று கணக்குப் போட ஆரம்பித்தாள்.

ஆவணியில் எங்கள் கல்யாணம் நடந்தது. நான் மணையில் உட்காருமுன் அதைத் தூக்கி அடியில் பார்த்தேன் என்று தெரு சொல்லும். பார்த்தது வாஸ்தவம்தான்.

என் மாமனார் கடைசிவரை என்னை மாப்பிள்ளை என்று அழைக்கவே இல்லை. "வாங்கோ சம்பந்தி" என்பார். ஆபீஸிலும் அப்படித்தான். காலி உறை அனுப்புகிறவனை ஹெட் கிளார்க் எழுந்து நின்று 'வாங்கோ' என்கிறாரே என்று சக குமாஸ்தாக்கள் என்னைக் கண்டு நடுங்கினார்கள். என் பெண்ணின் கல்யாணத்தில், பிள்ளை வீட்டாரிடம் என்னைக் காட்டி, "இவர் என் சம்பந்தி" என்று அறிமுகப்படுத்தினார். எங்கள் வம்சத்தில் யார் யாருக்கு என்ன வேணும் என்று அவர்கள் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அரசு இப்போது தெருக்கோடியிலிருந்து பார்த்தால் தெரிகிறது. அதன் அடியில் அந்தப் பிள்ளையார் இருக்கிறார். அவரைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். மாமனாருக்கு மரம் குட்டையாகவில்லை; பிள்ளையார்தான் குட்டையாகிவிட்டார். குயவர் பண்ணிய அந்தத் தட்டு மட்டும் வீணாகவில்லை. அட்சதை வைத்த தட்டை வேறெதற்கும் தொடக்கூடாது என்று கோமதி சொல்லிவிட்டாள். அதனால் தினம் நாங்கள் சாப்பிட உட்காருமுன், அதில்தான் காக்கைக்குச் சாதம் வைக்கிறாள்.

இதோ, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கொல்லையிலிருந்து குரல் கேட்கிறது.

"போதும், எழுந்திருந்து வாங்கோ. உங்க பிள்ளையைப் பெத்தவர் வந்து கத்திண்டிருக்கார். அவர் சாப்பிடாம உங்களுக்கு இலை கிடையாது."